கல்லாறு முதல் தொட்டபெட்டா வரை: ஐந்து நாள் வண்ணத்துப்பூச்சிக் குறிப்புகள்

முதல் நாள்: மேட்டுப்பாளையம்

தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் ஈரோட்டிலிருந்து புறப்பட்டோம். நானும் என் அண்ணன் மகனும் மட்டுமே. கல்லூரி விடுமுறையும் வங்கி விடுமுறையும் ஒன்றாக அமைந்தது ஒரு காரணம் என்றாலும், நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதைவிட முக்கியமான காரணங்கள் இரண்டு உண்டு. அமாவாசையை ஒட்டிய இருண்ட இரவுகளில்தான் விளக்கொளிக்கு அந்துப்பூச்சிகள் நிறைய வரும். நிலவு காயும் இரவில் எவ்வளவு வலிய விளக்கை ஏற்றினாலும், அவை வந்து அமர்வதற்காகக் கட்டும் வெள்ளைத் திரை வெறிச்சோடிக் கிடக்கும். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இந்த வாரங்களில்தான் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிகள் பெருங்கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி நகர்கின்றன. கோடையின் இறுதியில் அவை எதிர்த்திசையில் போவதும், ஐப்பசியில் திரும்புவதும் இப்பகுதி ஆர்வலர்கள் ஆண்டுதோறும் பதிவுசெய்து வரும் நிகழ்வு.

மேட்டுப்பாளையத்துக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக் காலை உணவுப் பொட்டலத்தைப் பிரித்தபோதே அந்தக் கூட்டம் எங்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒன்பதரை மணி. ஓர் ஆள் உயரத்திலிருந்து தென்னையின் உச்சி வரை, எல்லாம் ஒரே திசையில், பூவைக் கண்டும் இறங்காமல், வீடு குறுக்கிட்டால் சுற்றிப் போகாமல் கூரைக்கு மேல் எழுந்து மறுபுறம் இறங்கிப் பறந்தன. கரும்பழுப்பில் வெளிர்நீலத் தீற்றல்கள் கொண்ட டைகர் வகைகளும், இடையிடையே வெண்புள்ளிக் கருப்பன் என்று நாம் அழைக்கும் காமன் க்ரோவும் இருந்தன.

படம் எடுத்தேன். பறக்கும் பூச்சியின் படத்தை வைத்து நீல டைகர் எது, கருநீல டைகர் எது என்று பிரிக்க முடியாது. கருநீல டைகரில் நீலக் கீற்றுகள் மெலிந்திருக்கும், ஒட்டுமொத்தத் தோற்றம் கருத்திருக்கும் என்பது இறகை விரித்து அமர்ந்த பூச்சிக்குத்தான் பொருந்தும். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதன் அறிவியல் பெயர் திருமலா. ஆகவே குறிப்பேட்டில் ‘திருமலா பேரினம், மேற்கு நோக்கிப் பறத்தல்’ என்று மட்டும் எழுதினேன். பத்து ஆண்டுகளுக்கு முன் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கியபோது, ஒரு படத்துக்கு இனப் பெயர் வைக்காவிட்டால் அந்தப் படமே வீண் என்று நினைத்தேன். அப்படி அவசரப்பட்டு வைத்த பெயர்களைத் திருத்துவதற்கே பின்னர் இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

குறிப்பேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை வைத்திருப்பவன் என் அண்ணன் மகன்; தாவரவியல் மாணவன். நாள், இடம், உயரம், செடி, பூச்சி என்று ஐந்து பத்திகள் கோடு போட்டிருக்கிறான். செடிக்கு அடுத்துத்தான் பூச்சி. “செடி தெரிஞ்சா பூச்சி பாதி தெரிஞ்ச மாதிரிங்க அத்தை” என்பது அவன் கட்சி. நான் இறகின் புள்ளியிலிருந்து தொடங்குகிறவள், அவன் இலையின் நரம்பிலிருந்து தொடங்குகிறவன். பெரும்பாலும் அவன் வழியே விரைவில் ஊர் சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மாலையே அதற்கு ஒரு சான்று கிடைத்தது. நகரின் எல்லையில் உழாமல் கிடந்த ஒரு நிலத்தில் கிலுகிலுப்பைச் செடிகள் மண்டியிருந்தன. தூரத்திலிருந்து பார்த்து, “அங்க டைகருங்க இருக்கும் பாருங்க” என்றான். பூக்களில் ஒன்றுகூட இல்லை. வாடிய இலைகளிலும் காய்ந்த காய்களிலும் நாற்பதுக்குக் குறையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்குச் செடியிலும் உள்ள ஒருவகை ஆல்கலாய்டுக்காக ஆண் பூச்சிகள் அப்படிக் கூடுகின்றன. இலையைக் கால்களால் கீறி, கசியும் சாற்றை உறிஞ்சுகின்றன. பெண்ணை ஈர்க்கும் மணத்தை உருவாக்க அந்தப் பொருள் அவற்றுக்குத் தேவை; பறவைகளின் வாய்க்கு ஒவ்வாத கசப்பும் அதனால் கூடுகிறது. காலையில் தலைக்கு மேல் பறந்தபோது பெயர் சொல்ல முடியாதவை இங்கே இறகை மூடி, அடிப்புறத்தைக் காட்டி, அசையாமல் இருந்தன. நீல டைகர், கருநீல டைகர், காமன் க்ரோ, முன்னிறகில் இரண்டு மணக்கீற்றுகள் தெரிந்த ஓர் ஆண் டபுள் பிராண்டட் க்ரோ என நான்கு பெயர்களையும் ஐயமின்றி எழுதினோம்.

இரண்டாம் நாள்: கல்லாறு, பர்லியாறு

வண்ணத்துப்பூச்சி பார்க்க விடியலில் போக வேண்டியதில்லை. அவை குளிர் இரத்தப் பிராணிகள்; உடல் சூடேறினால்தான் பறக்க முடியும். ஆனால் விடியலில் போனால், இரவு தங்கிய இலையிலேயே பனித்துளியோடு அமர்ந்திருக்கும் பூச்சியை முக்காலி வைத்து நிதானமாக எடுக்கலாம். ஆகவே ஆறரை மணிக்கே கல்லாற்றுப் பக்கம் போய்விட்டோம். காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் சாலையோரத்தையும் பாலத்தடியையும் விட்டு நகரவில்லை. யானைகள் மலையோரமாகக் கடக்கும் வழி இது என்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் இங்கே நிற்பதில்லை என்பதையும் எங்களுக்கு நாங்களே விதியாக வைத்திருக்கிறோம்.

பத்து மணிக்கு வெயில் ஓடையோர மணலைத் தொட்டது. அதற்காகவே காத்திருந்தவை போல வந்து இறங்கின. காமன் ப்ளூபாட்டில், காமன் ஜே, வெள்ளை வெளேரென்ற அல்பட்ராஸ், வால் நீண்ட ஸ்பாட் ஸ்வார்ட்டெயில் ஆகியவை ஈர மணலில் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று உறிஞ்சின. மண்ணில் கரைந்திருக்கும் உப்புக்காக, முக்கியமாகச் சோடியத்துக்காக இப்படிக் கூடுகின்றன. கூடுவதில் பெரும்பாலானவை ஆண்களே. அவை சேர்த்த உப்பு இணைசேரும்போது பெண்ணுக்குப் போய், முட்டைகளுக்கும் பயன்படுகிறது. சில பூச்சிகள் முன்னால் உறிஞ்சிய நீரைப் பின்னால் துளித்துளியாகப் பீய்ச்சிக்கொண்டே இருந்ததையும் படத்தில் பிடிக்க முடிந்தது. உப்பை வைத்துக்கொண்டு நீரை வெளியேற்றும் முறை அது.

இத்தகைய கூட்டத்தை எடுக்கும்போது நான் பின்பற்றுவது இதுதான். முதலில் பத்தடி தள்ளி நின்று ஒரு சான்றுப் படம். எது பறந்து போனாலும் அது மிஞ்சும். பிறகு நிழல் முன்னால் விழாத பக்கமாக, முழங்கால் ஊன்றி, மிக மெதுவாக நெருங்க வேண்டும். மூடிய இறகுக்கு இணையாகக் கேமராவை நிறுத்தினால்தான் இறகின் நுனி முதல் அடி வரை ஒரே தெளிவில் அமையும். கொஞ்சம் கோணம் தப்பினாலும் பாதி இறகு மங்கிவிடும். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்சில் துளையை எஃப் 8க்கும் 11க்கும் இடையில் வைத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் தெரிந்திருந்தும், அன்று வந்த ஒரே பாரிஸ் பீக்காக் மீது என் தொப்பியின் நிழலை விழ வைத்துவிட்டேன். கறுப்பு இறகில் பச்சைத் தூள் தூவி, பின்னிறகில் மயில்நீலத் திட்டு வைத்த அந்தப் பூச்சி ஒரே வீச்சில் மரங்களுக்கு மேலே போயிற்று. தென்னிந்தியாவில் காணும் இதன் துணையினத்துக்கு ‘தமிழானா’ என்று பெயர். என்னிடம் இன்னும் நல்ல படம் இல்லை.

மஞ்சள் பூச்சிகள் ஏராளமாக இருந்தன. பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் என்று கடந்துவிடுவார்கள். புதிதாக இதில் இறங்குபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இவற்றைத்தான். முன்னிறகின் அடிப்புறத்தில், உடலை ஒட்டிய நீள் அறைக்குள் இருக்கும் சிறு கறைகளை எண்ண வேண்டும். ஒன்று இருந்தால் ஒன் ஸ்பாட் கிராஸ் எல்லோ, இரண்டு என்றால் காமன் கிராஸ் எல்லோ, மூன்று என்றால் த்ரீ ஸ்பாட் கிராஸ் எல்லோ. அமர்ந்திருக்கும்போது பின்னிறகு அந்த இடத்தைப் பாதி மறைத்துவிடும் என்பதால், வெளிச்சம் எதிரிலிருந்து வரும்படி நின்று, இறகை ஊடுருவித் தெரியும் கறைகளை எடுக்க வேண்டியிருக்கும். அன்று எடுத்த பதினேழு மஞ்சள்களில் பதினொன்றுக்கு மட்டுமே எண்ணிக்கை தெளிவாகத் தெரிந்தது. மீதி ஆறும் பேரினத்தோடு நின்றுவிட்டன.

கறுப்பு அழகிகளில் வேறு வகைச் சிக்கல். சாலையோர உண்ணிப்பூவில் ஒரு பூச்சி படபடத்தது. பின்னிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளும் இருந்தன. “ரோஜா அழகி” என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அவன் “உடம்பப் பாருங்க அத்தை” என்றான். உடல் கறுப்பு. ரோஜா அழகியின் உடல் சிவப்பாக இருக்கும். இது கறிவேப்பிலை அழகியின் பெண். ரோஜா அழகியின் புழு ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை போன்ற நச்சுக் கொடிகளைத் தின்று வளர்வதால் அந்த நஞ்சு பூச்சியிலும் தங்கி, பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் தின்று வளர்ந்த இதற்கு நஞ்சு கிடையாது. உடையை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது. இதன் பெண்ணில் மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும், இன்னொன்று ரோஜா அழகியை ஒத்திருக்கும், மூன்றாவது சிவப்புடல் அழகியை ஒத்திருக்கும். இறகின் வண்ணத்தை அச்சாக நகலெடுத்த இயற்கை உடலின் வண்ணத்தை விட்டுவிட்டதால்தான் நம்மால் பிரித்தறிய முடிகிறது. ஆகவே இந்தக் குழுவைப் படமெடுக்கும்போது இறகு வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, உடல் தெளிவாக விழ வேண்டும்.

பிற்பகலில் பர்லியாறு. பழக்கடைகளுக்குப் பின்னால் அழுகிய பழக்கழிவுகள் குவிந்திருந்த இடத்தில் நாங்கள் குனிந்து நிற்பதைப் பார்த்த கடைக்காரப் பெரியவர், “ஏனுங்க, ஏதாச்சு தொலைச்சுப்புட்டீங்களா?” என்று விசாரித்தார். காய்ந்த இலை போன்ற பூச்சியைத் தேடுகிறோம் என்றதும், “அது அந்தச் செவுத்துல தினமும் வந்து ஒக்காருமுங்க, நீங்க இலையினு நெனச்சுத் தாண்டிப் போயிருப்பீங்க” என்று கைகாட்டினார். சுவர் விளிம்பில், தலை கீழாக, நடுநரம்பும் காம்பும் பூஞ்சைப் புள்ளியும் வைத்து வரைந்த சருகாக அமர்ந்திருந்தது ப்ளூ ஓக்லீஃப். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பூச்சி. மூடினால் சருகு, திறந்தால் ஆழ்ந்த நீலம். பூக்களைவிட மரப்பாலும் அழுகிய பழமும்தான் இதற்குப் பிடிக்கும். இதன் புழு குறிஞ்சி இனச் செடிகளில் வளரும். பெரியவருக்கு இதன் பெயர் தெரியாது. வரும் நேரம், அமரும் இடம், எந்தப் பழத்தை விரும்பும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டோம்.

திரும்பும் வழியில் ஓடையோரமாக நின்ற நீரடிமுத்து மரம் ஒன்றை அவன் அடையாளம் காட்டினான். அது தமிழ் மறவனின் புழு வளரும் மரம். ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரம் வைத்த இந்தப் பூச்சி 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. மரத்தடியில் இருபது நிமிடம் நின்றோம். மூன்று வந்தன, மூன்றும் உயரத்திலேயே சுற்றின. அதற்கும் மேலே, பொன்னும் கறுப்புமாக ஒரு பொன்னழகி, பறவைபோல இறகை நீட்டி மிதந்து போயிற்று. 2020இல் உத்தராகண்டின் கோல்டன் பேர்ட்விங் ஒன்று 194 மில்லிமீட்டர் என்று அளக்கப்படும் வரை, இந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி என்ற இடம் இந்தப் பொன்னழகியிடம்தான் இருந்தது.

மூன்றாம் நாள்: குன்னூர்

மழை. முந்தைய இரவில் மலையேறிக் குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய விடுதியில் தங்கினோம். விடிந்ததிலிருந்து ஒரு நொடி விடவில்லை. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் மேகம் சன்னலுக்குள் வந்து போயிற்று.

மழை நாளில் புழு பார்க்கலாம். குடையோடு விடுதியைச் சுற்றி வந்ததில், வேலிச் செடியில் உடலை வில்லாக வளைத்து, சாண் போட்டு அளப்பதுபோல் நடக்கும் ஒரு புழு கிடைத்தது. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இவற்றின் புழுக்களுக்கு மார்பில் மூன்று இணை உண்மைக் கால்களும், வயிற்றில் அதிகபட்சம் ஐந்து இணை போலிக்கால்களும் இருக்கும். அளக்கும் புழுக்களுக்குப் போலிக்கால்கள் பின்முனையில் இரண்டு இணை மட்டுமே. நடுவில் ஊன்றக் கால் இல்லாததால்தான் வளைந்து வளைந்து நடக்கின்றன. அப்படியானால் ஜியோமெட்ரிடே குடும்பம். அதற்கு மேல் போக முடியவில்லை. போலிக்கால் ஆறு இணையோ அதற்கு மேலோ இருந்தால் அது அந்துப்பூச்சியின் புழுவே அல்ல, குளவிகளுக்கு உறவான ரம்பப்பூச்சியின் புழு. நான் தொடங்கிய காலத்தில் அப்படியொரு புழுவை எடுத்துவிட்டு, எந்த அந்துப்பூச்சியாக வளரும் என்று மாதக்கணக்கில் தேடியிருக்கிறேன். காலை எண்ணும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தாக வேண்டும் என்று அதிலிருந்துதான் கற்றேன்.

பிறகு விடுதியின் பின்சுவரில் அதைப் பார்த்தேன். கட்டை விரலின் மேற்கணு அளவுக்கு ஒரு கூடை. மீன்பிடிக் கூண்டுபோல நூலிழைகள் ஒன்றையொன்று வெட்டி, கண் கண்ணாக, ஊடே பார்க்கும்படி பின்னியிருந்தது. அதன் நடுவில், எந்தப் பக்கமும் தொடாமல், அந்தரத்தில் ஒரு பழுப்புக் கூட்டுப்புழு தொங்கியது. இத்தனை ஆண்டுகளில் நான் நேரில் பார்த்திராத பொருள் அது. சுவர் ஈரத்தில் சறுக்கும் என்று அவன் என்னைப் பிடித்துக்கொள்ள, நான் மூச்சை அடக்கி, ஃப்ளாஷின் முன் வெள்ளைத் துணி மறைப்பு வைத்து, இருபத்தைந்து படங்கள் எடுத்தேன். இழைகள் பட்டுநூல் போல வழவழப்பாக இல்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது அவை மயிர்கள் என்று தெரிந்தது. தன் உடலில் இருந்த நீண்ட மயிர்களையே பிடுங்கி வைத்து ஒரு புழு இதைக் கட்டியிருக்க வேண்டும்.

மாலை முழுவதும் அந்தக் கூண்டைப் பற்றித்தான் பேச்சு. அவன் வழக்கப்படி செடியில் தொடங்கினான். சுவரைச் சுற்றி மூன்றடிக்கு ஒரு செடியும் இல்லை; சிமெண்டுத் தரை. புழுக்கள் கூடு கட்டுவதற்குச் செடியை விட்டு இறங்கி வெகுதூரம் நடப்பது உண்டு என்பதால், தோட்டத்து ஓரம்வரை போய் இருபத்தாறு செடிகளின் பெயரை எழுதி வந்தான். இருபத்தாறில் எது? புழு எப்போதும் செடியைத்தான் தின்னும் என்று உறுதியில்லை என்று நான் நினைவூட்டினேன். எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, தானும் ஒரு மாவுப்பூச்சிபோல வெண்பொடி பூசிக்கொண்டு, அவற்றையே தின்று வளர்ந்த, ஏப்ஃப்ளை என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவை நான் எடுத்திருக்கிறேன்; குரங்கு முகம் போலிருக்கும் அதன் கூட்டுப்புழுவையும் எடுத்திருக்கிறேன். ஆனால் இந்தச் சுவரில் மாவுப்பூச்சியும் இல்லை. செடிப் பத்தியைக் காலியாக விட்டு, பூச்சிப் பத்தியில் ‘மயிர்க்கூண்டு’ என்று எழுதிவிட்டுப் படுத்தான்.

நான்காம் நாள்: தொட்டபெட்டா, இரவு, குன்னூர்

வானம் வெளுத்திருந்தது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குப் போகும் சாலையில், சிகரத்தில் அல்ல, அதற்குக் கீழே சோலை விளிம்புகளில் நேரத்தைச் செலவிட்டோம். இங்கே வகைகள் குறைவு. ஆனால் கிடைப்பவை வேறெங்கும் கிடைக்காதவை. கிளாஸி டைகரின் மங்கிய நிழல்போல இருக்கும் நீலகிரி டைகர் இந்தத் தென்மேற்கு மலைகளுக்கு மட்டுமே உரியது. தாழ்நிலத்து டைகர்களின் வேகமில்லாமல், காற்று ஓய்ந்த இடமாகப் பார்த்துத் தாழப் பறந்து, நீல மலர்க்கொத்து ஒன்றில் நெடுநேரம் அமர்ந்து எனக்கு முழுப் பொறுமையோடு இடம் கொடுத்தது. புல்விளிம்பில் புஷ்பிரவுன் வகைப் பூச்சி இரண்டு; இறகில் செம்மஞ்சள் வட்டத்துக்கு நடுவே கண்புள்ளி.

நெட்டில் புதர் ஒன்றில் இலைகள் சில கூடாரம்போல மடிந்து இழையால் தைக்கப்பட்டிருந்தன. இந்தியன் ரெட் அட்மிரலின் புழு அப்படித்தான் வீடு கட்டும். பார்க்கும் ஆவலில் அவன் இலையைத் தொட்டுவிட்டான். சுணை ஏறி இரண்டு மணி நேரம் கை எரிந்தது. செடியின் பெயரை அறிவியல் பெயரோடு சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது தொடக்கூடாத செடி என்பது அந்த நொடியில் நினைவில்லை. காம்பைக் குச்சியால் சாய்த்து, மடிப்பின் இடைவெளி வழியாக முட்கிளைகள் கொண்ட கரும்புழுவை எடுத்தேன். மடிப்பைப் பிரிக்கவில்லை. பிரித்தால் நல்ல படம் கிடைத்திருக்கும், புழுவுக்கு அன்று வீடு போயிருக்கும்.

இரவுக்குத்தான் மனம் முழுவதும் காத்திருந்தது. விடுதிக்காரரிடம் முன்பே அனுமதி பெற்று, பின்முற்றத்துக் கொடிக்கயிற்றில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் புறஊதா எல்இடி விளக்கைத் தொங்கவிட்டோம். விடுதியின் மற்ற விளக்குகளை அணைக்கச் சொல்லி, ஏழு மணிக்கு ஏற்றினோம். அரை மணி நேரம் சிறு பூச்சிகளும் ஈசல்களுமே வந்தன. எட்டு மணிக்கு மேல் திரை நிறையத் தொடங்கியது.

அந்துப்பூச்சியில் பெயர் கண்டுபிடிப்பது வண்ணத்துப்பூச்சியைப் போன்றதல்ல. இந்தியாவில் வண்ணத்துப்பூச்சிகள் 1,300 வகைக்கு மேல். அந்துப்பூச்சிகளோ பத்தாயிரத்தைத் தாண்டும். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து, இந்த மலையிலேயே பூச்சிகளின் மீது ஆர்வம் கொண்ட ஜார்ஜ் ஹாம்ப்சன் 1892க்கும் 1896க்கும் இடையில் நான்கு தொகுதிகளாக இந்திய அந்துப்பூச்சிகளை விவரித்து எழுதினார். அந்த விவரங்களை இன்றும் புரட்ட வேண்டியிருக்கிறது. இன்று அதோடு, பலரும் எடுத்த படங்களை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. எனினும் பல வகைகளை உடலைப் பிரித்து ஆராயாமல், படத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. நான் உயிருள்ள பூச்சியைக் கொன்று பெயர் தேடுகிறவள் அல்ல. ஆகவே பெயரில்லாமல் நிற்கும் படங்கள் என்னிடம் நூற்றுக்கணக்கில் உண்டு.

திரையில் இருந்தவற்றில் உடனே சொல்ல முடிந்தவை சில. பச்சையும் இளஞ்சிவப்பும் குழைத்து அலையலையாக வரைந்த அரளி பருந்து அந்து. அதன் பச்சைப் புழுவை அரளியிலும் நந்தியாவட்டையிலும் இரண்டு நீலக் கண்புள்ளிகளோடு பார்த்திருப்பீர்கள். மஞ்சள் வயிற்றில் கறுப்புப் புள்ளி வைத்த அசோட்டா. இதன் புழு அத்தி இன மரங்களில் வளரும். இலைத்துண்டு போல ஒட்டிக்கொண்ட எமரால்டு வகைகள் நான்கு. ஆந்தைக் கண் வரைந்த எரிபஸ் ஒன்று திரைக்கு வராமல், இருட்டில் சுவரோரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

பத்தே முக்காலுக்கு ஒரு சிறு பூச்சி வந்தது. வெண்மையான இறகில் குறுக்காகச் சிவப்புக் கோடுகள், நடுவில் கறுப்புப் புள்ளிகள். இறகைக் கூரைபோல் மடித்து வேட்டியில் அமர்ந்தது. சயானா பேரினம். அழகான பூச்சி என்று படம் எடுத்து முடித்து, கைப்பேசியில் அந்தப் பேரினத்தின் வாழ்க்கைச் சுழற்சிப் படங்களைப் புரட்டியபோதுதான் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். அங்கே எங்கள் சுவரில் இருந்த கூண்டு இருந்தது. சயானாவின் புழுக்கள் தங்கள் உடல் மயிரைக் கொண்டு இப்படித்தான் கண் கண்ணாகக் கூண்டு பின்னி, அதற்கு நடுவே தொங்குகின்றன.

“என்னத்தத் திங்குமுன்னு போட்டிருக்குங்க அத்தை?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பின்சுவருக்கு ஓடினான். நான் போவதற்குள் சுவரை ஒட்டிக் குனிந்திருந்தான். கூண்டுக்கு மேலும் கீழும், ஈரம் படிந்த சுவர் முழுவதும், சாம்பலும் பச்சையுமாக ஓரம் சுருண்ட படலம். நாங்கள் இருவரும் முந்தின நாள் அதைப் பின்னணியாக மட்டுமே பார்த்திருந்தோம். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் கூட்டுயிர் அது. செடிக் கணக்கில் சேராது. சயானா சேர்ந்த குழுவின் புழுக்களுக்கு அதுவே உணவு. பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் தாளிக்கும்போது நாம் போடுகிற கல்பாசியும் அந்த வகைதான்.

ஐந்தாம் நாள்: இறக்கம்

விடிவதற்கு முன்பே எழுந்து வேட்டியை உதறினோம். இதை ஒருநாளும் தவறவிடக் கூடாது. வெளிச்சத்துக்கு மயங்கி வந்த பூச்சிகள் விடிந்தும் திரையிலேயே இருந்தால், கொண்டைக்குருவிகள் வந்து ஒன்றுவிடாமல் கொத்திவிடும். நம் பார்வைக்காக வரவழைத்த உயிர்களை அப்படி விட்டுப் போவது நியாயமல்ல. ஒவ்வொன்றாகத் தாளில் ஏற்றிப் புதரின் அடியில் விட்டோம். இரவு வந்த சயானா அங்கே இல்லை. கூண்டில் கூட்டுப்புழு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நிறம் மாறியதற்கான அறிகுறி எதுவும் இல்லை. இன்னும் எத்தனை நாளோ. விடுதிக்காரரிடம் காட்டி, சுவரை வெள்ளையடிக்கும் எண்ணமிருந்தால் இது வெளிவரும்வரை இந்த ஓர் அடியை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன். பொங்கலுக்குத்தான் வெள்ளையடிப்பு என்றார்.

இறங்கும் வழியில் நிற்க நேரமில்லை. மறுநாள் இருவருக்கும் வேலை. மேட்டுப்பாளையம் தாண்டியதும் மேகம் மூடியிருந்தது, வானில் டைகர்கள் இல்லை. கிலுகிலுப்பை நிலத்தில் மட்டும் இறங்கிப் பார்த்தோம், மூன்று இருந்தன.

ஐந்து நாளில் வண்ணத்துப்பூச்சி அறுபத்து நான்கு வகை இனம்வரை உறுதியாயின. பேரினத்தோடு நின்றவை பத்தொன்பது. அந்துப்பூச்சியில் இனம்வரை உறுதியானவை பதினொன்று மட்டுமே. வண்டியில் வரும்போது குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் நாளின் வரியில் ‘மயிர்க்கூண்டு’ என்பதை அடிக்காமல், அதன் கீழே ‘சயானா பேரினம், இனம் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தான். காலியாகக் கிடந்த செடிப் பத்தியின் தலைப்பை அடித்து ‘உணவு’ என்று மாற்றி, அந்த வரிக்கு நேராகக் ‘கல்பாசி வகை’ என்று எழுதி, சுவரின் படத்துக்கு எண்ணும் போட்டிருந்தான்.